முதலாளி மாறிய மாதம்

உத்தியோகம் புருஷ லட்சணம் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். அந்த உத்தியோகத்தைத் தருகின்றவர் ஒருநாட் காலையில் தம்முடைய கம்பனியை வேறொருவருக்கு விற்றுவிட்டால் அந்த லட்சணம் என்ன ஆகும் என்பதை மாத்திரம் அவர்கள் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். 2016ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் அந்தப் பாடத்தை நாம் சொந்தச் செலவிற் படிக்க நேர்ந்தது.

அக்காலத்தில் நாம் மேற்குக் கரையோரப் பட்டினம் ஒன்றில், கம்பனியொன்றின் களஞ்சியத்தில் லிகிதராகக் கடமையாற்றினோம். கம்பனியின் பெயரைக் கேளாதீர்கள். அதன் உப்பைப் பதினேழு ஆண்டுகள் தின்றவர்கள் நாம். எத்தனை பெட்டி ஆணி, எத்தனை பீப்பாய் எண்ணெய் இருப்பில் உள்ளன என்று நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர்களாய் இருந்தோம். ஆயினும் கம்பனி கைமாறிவிட்டது என்னும் செய்தியை எமக்கு அறிவித்தவர் முகாமையாளர் அல்லர். வாயிலில் வடையும் தேநீரும் விற்கின்ற அம்மாள். “உங்களுக்கெல்லாம் புது முதலாளியாமே, ஐயா? பழைய கடன் கணக்கை இனி யாரிடம் கேட்பது?” என்று அவர் வினவினார். அவருடைய கவலை எம்முடைய கவலையிலும் பார்க்கத் தெளிவானதாய் இருந்தது.

அன்று தொடக்கம் கந்தோரில் வேலை குறைந்தது, பேச்சு வளர்ந்தது. பாதிப் பேரை அனுப்பிவிடுவார்கள் என்றார் ஒருவர். சம்பளத்தை இரட்டிப்பார்கள் என்றார் மற்றொருவர். வெளிநாட்டிலிருந்து கணினி ஒன்று வரப்போகிறது, அது களஞ்சியக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று மூன்றாமவர் எம்மைப் பார்த்துச் சொன்னார். புதியவர்களின் பிரதிநிதிகள் இருவர் அளவு நாடாவுடன் வந்து களஞ்சியத்தின் நீள அகலத்தை அளந்துகொண்டு போனார்கள். அளந்தவர்கள் எம்மிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசியிருந்தால் அன்றிரவு நாம் உறங்கியிருப்போம்.

ஒக்டோபர் மாத முற்பகுதியில் கடிதம் வந்தது. விருப்ப ஓய்வு பெறச் சம்மதிப்போருக்கு இருபத்து நான்கு மாதச் சம்பளம் ஒரே தொகையாக வழங்கப்படும் என்றும், சம்மதத்தை இரண்டு வாரத்துக்குள், குறித்த வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு முன்பாகக் கையொப்பமிட்டு ஒப்படைக்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. சம்மதியாதோருக்கு என்ன நேரும் என்பது பற்றி ஒரு வரியும் இல்லை. அந்த எழுதப்படாத வரியையே நாம் எல்லோரும் திரும்பத் திரும்ப வாசித்தோம்.

எமது சம்பளம் அப்போது 32,000 ரூபா. இருபத்து நான்கு மாதத்துக்கு 7,68,000 ரூபா. இவ்வளவு பணத்தை நாம் ஒரே இடத்திற் கண்டதில்லை. மறுபுறத்தில் வீட்டுக்கடன் இன்னும் ஒன்பது ஆண்டு இருந்தது. மூத்த மகளுக்கு டிசெம்பரில் சாதாரண தரப் பரீட்சை. எமக்கு வயது நாற்பத்து மூன்று. அந்த வயதில் வேலை தேடிப் போகின்றவனை இளையவன் என்றும் கொள்ளமாட்டார்கள், அனுபவசாலி என்றும் கொள்ளமாட்டார்கள்.

இல்லாளிடம் சொன்னோம். பிள்ளைகளிடம் சொல்லக்கூடாது என்று முடிவு செய்தோம். இது எம்முடைய பெரும் பிழைகளுள் ஒன்று. நான்கு சுவருக்குள் தணிந்த குரலிற் பேசினால் பிள்ளைகளுக்குக் கேட்காது என்று நினைக்கின்ற பெற்றோர் தாம் பிள்ளைகளாயிருந்த காலத்தை மறந்துவிட்டவர்களே ஆவர். மூன்றாம் நாள் இரவு மகள் புத்தகத்தை மூடிவிட்டு வந்து நின்றாள். “அப்பா, கணித ரியூசனை இந்த மாதத்தோடு நிறுத்திக்கொள்ளட்டா? நான் தனியாகவே படிப்பேன்” என்றாள். அவளுடைய வகுப்பில் எம்முடன் வேலைசெய்யும் ஒருவரின் மகளும் படித்தாள். எல்லாம் அவளுக்கு முதல் வாரத்திலேயே தெரிந்திருந்தது. நாம் அவளைக் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டிருக்க, அவள் ஒரு வாரமாக எம்மைக் காப்பாற்றுகின்ற வழியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

“எலுவன்குளத்துச் சித்தப்பாவிடம் போய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அவர் பார்க்காத முதலாளியா?” என்றாள் இல்லாள். அவளுடைய தகப்பனாரின் தம்பி அவர். எமக்கு மாமா முறை. அந்தச் சனிக்கிழமை குடும்பமாகப் புறப்பட்டோம்.

எலுவன்குளத்தை அறியாத வாசகர்களுக்காகச் சில வரி. புத்தளத்திலிருந்து வடக்கே, பழைய மன்னார் வீதியில், வண்ணாத்திவில்லைக் கடந்து ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர் சென்றால் அவ்வூர் வரும். அதற்கப்பால் கலா ஓயா; ஓயாவுக்கு அப்பால் வில்பத்துக் காடு. மேற்கே கண்டற் காடும் களப்பும். ஊரில் தமிழும் சிங்களமும் கலந்து ஒலிக்கும். மண் சிவப்பு. மரமுந்திரிகை அந்த மண்ணில் நன்றாக நிற்கும். இரவில் யானை வந்து வேலியைச் சோதித்துவிட்டுப் போகும். இவையெல்லாம் பயணிகள் அறிந்தவை. அவர்கள் அறியாதது, அந்தச் செம்மண்ணுக்கு அடியில் இருக்கும் சுண்ணாம்புக்கல். ஒரு காலத்திற் கடலின் அடியிற் படிந்து இறுகிய கல் அது. உடைத்தால் உள்ளே பழங்காலச் சிப்பிகள் இருக்கும். பக்கத்து அருவக்காட்டில் அந்தக் கல்லை வெடிவைத்துப் பெயர்த்து, புகையிரதத்தில் ஏற்றித் தெற்கே பாலாவிக்குக் கொண்டுபோய், களியுடன் அரைத்து, ஏறத்தாழ 1,450 பாகை வெப்பத்தில் சுட்டுச் சீமெந்தாக்குகிறார்கள். இலங்கையின் எத்தனையோ வீடுகள் எலுவன்குளத்துப் பக்கத்து மண்ணிலிருந்து எழுந்தவை என்பதை அவற்றிற் குடியிருப்போர் அறியார்.

மாமா அந்தக் கல்வெட்டும் இடத்தில் 1974ஆம் ஆண்டு துளைபோடும் பொறிக்கு உதவியாளராகச் சேர்ந்து, 2007ஆம் ஆண்டு ஐம்பத்தைந்தாம் வயதில் ஓய்வு பெற்றவர். நாம் போனபோது முற்றத்திலே விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். மழைக்காக விறகை மூடியிருந்த வெற்றுப் பைகளில் ‘ஹொல்சிம் சன்ஸ்தா’ என்று எழுதியிருந்தது. கடிதத்தை நீட்டினோம். அவர் வாங்கவில்லை.

“முதலில் சாப்பிடுங்கள், தம்பி. பசியோடு வாசித்தால் கடிதம் வேறு மாதிரித் தெரியும்” என்றார்.

களப்பு நண்டுக் கறியோடு சோறுண்டபின் உள்ளே சென்று ஒரு பிஸ்கட் தகரத்தை எடுத்துவந்தார். அதற்குள் அவருடைய முப்பத்து மூன்று ஆண்டுகள் இருந்தன. நியமனக் கடிதம், சம்பள உயர்வுக் கடிதங்கள், சேமலாப நிதியின் பி அட்டை, ஆண்டுதோறும் வந்த கணக்குக் கூற்று, பணிக்கொடை பெற்றதற்கான பற்றுச்சீட்டு. ஒவ்வொன்றாகப் பாயிற் பரப்பினார்.

நாம் அன்றைக்கு அவரிடம் கேட்டுக்கொண்ட வரலாற்றைப் பின்னர் பத்திரிகைகளிலும் தேடிச் சரிபார்த்தோம். அந்தத் தொழிலகம் சீமெந்துக் கூட்டுத்தாபனத்தின் கீழ், 1970ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் அரசின் தொழிலகமாகத் தோன்றியது. அரச கூட்டுத்தாபனங்களைக் கம்பனிகளாக மாற்றுவதற்கு 1987ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டம் வழி செய்தது. கூட்டுத்தாபனத்தின் தொழிலகம் புத்தளம் சீமெந்துக் கம்பனியாயிற்று. 1993ஆம் ஆண்டளவில் அது பாகிஸ்தானின் தவக்கல் குழுமத்தின் கைக்குப் போயிற்று. 1996இல் சுவிற்சர்லாந்தின் ஹோல்டர்பாங்க் வாங்கிற்று. ஹோல்டர்பாங்க் 2001இல் தன் பெயரை ஹொல்சிம் என்று மாற்றிக்கொள்ள, பிற்பாடு இங்குள்ள கம்பனியும் அப்பெயரைப் பெற்றது. 2015இல் அந்த ஹொல்சிம்மே பிரான்சின் லஃபார்ஜுடன் இணைந்தது. 2016ஆம் ஆண்டு, எம்முடைய கம்பனி கைமாறிய அதே பருவத்தில், தாய்லாந்தின் சியாம் சிற்றி சீமெந்து நிறுவனம் இதனை வாங்கிக்கொண்டது.

“93இல் நாங்களும் உங்களைப்போலத்தான் இருந்தோம்” என்றார் மாமா. “அரசாங்க வேலை என்று பெண் கொடுத்தவர்கள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அன்றைக்கு அரசாங்கம் விற்ற இடங்களில் நூற்றுக்குப் பத்துப் பங்கை ஊழியர்களுக்கு இலவசமாகக் கொடுக்கும் வழக்கம் ஒன்று இருந்தது. பங்கு என்றால் என்ன என்று எங்களில் அரைவாசிப் பேருக்குத் தெரியாது. ஒருவன் அதை லொத்தர்ச் சீட்டு என்றே நினைத்தான்.”

“அப்பொழுது என்ன செய்தீர்கள், மாமா?”

“காலையில் வேலைக்குப் போனேன். பின்னேரம் வந்து மரமுந்திரிகைக் கன்று நட்டேன். வேலை போனால் கன்று இருக்கட்டும் என்று. வேலையும் போகவில்லை, கன்றில் பாதியை மாடு தின்றுவிட்டது.”

பிறகு பாயிற் கிடந்த கடிதங்களின் தலைப்புக்களைக் காட்டினார். ஓரிடத்தில் முதலாளி இருமுறை மாறியிருக்கத் தலைப்பிலுள்ள பெயர் மாறவில்லை. இன்னோரிடத்தில் முதலாளி அப்படியே இருக்கப் பெயர் மாறியிருந்தது. ஆனால் எல்லாவற்றிலும் அவருடைய ஊழியர் இலக்கம் ஒன்றே.

“இதைக் கவனியுங்கள். களப்பில் சம்மாட்டி ஒருவர் வள்ளத்தை விற்றுவிட்டால், வாங்கியவர் தன் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகலாம். பழைய ஆட்கள் கரையில் நிற்க வேண்டியதுதான். ஆனால் கம்பனியின் பங்கை விற்றால் வள்ளம் விற்கப்படவில்லை. சம்மாட்டியின் சட்டைக்குள் வேறு ஆள் வந்திருக்கிறார், அவ்வளவுதான். கம்பனி பழைய கம்பனியே. உங்கள் பதினேழு வருஷமும் அதன் கணக்கில் அப்படியே கிடக்கும். உங்களுடைய இடத்தில் விற்றது வள்ளமா, பங்கா?”

எமக்குத் தெரியவில்லை. பதினேழு ஆண்டு ஆணி எண்ணியவர்களுக்கு அது தெரியவில்லை. பிள்ளைகளும் அருகிலேயே அமர்ந்திருந்தார்கள். மகள் எம் முகத்தைப் பார்த்தாள். அவளையே கூப்பிட்டு, நாட்காட்டித் தாள் ஒன்றைத் திருப்பிக் கொடுத்துக் கணக்குப் போடச் சொன்னோம். மறைப்பதற்கு இனி என்ன இருந்தது?

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, பதினைந்து பேருக்குக் குறையாத ஊழியரைக் கொண்ட இடத்தில் ஐந்து ஆண்டு வேலைசெய்தவர் எவரும், தாமாக விலகினாலும், மாதச் சம்பளக்காரராயின் ஆண்டொன்றுக்கு அரைமாதச் சம்பளம் பெற உரிமையுடையவர். பதினேழு ஆண்டுக்கு எட்டரை மாதம், 2,72,000 ரூபா. கடிதத்தை மகள் உரக்க வாசித்தாள். ‘சகல கொடுப்பனவுகளும் அடங்கலாக’ என்ற மூன்று சொற்கள் கடைசிப் பந்தியில் இருந்தன. நாம் அவற்றை இருபது தடவை வாசித்தும் காணாதவை. இருபத்து நான்கில் எட்டரை ஏற்கனவே எம்முடைய பணம். எம்மைப் போகச் சொல்லித் தருகின்ற பணம் 4,96,000 ரூபா மாத்திரமே. சேமலாப நிதியோ, சாதாரணமாக ஆணுக்கு ஐம்பத்தைந்து வயதிலே கைக்கு வருவது. இன்னும் பன்னிரண்டு ஆண்டு.

“அப்படியென்றால் பதினைந்தரை மாதந்தான், அப்பா” என்றாள் மகள். வீட்டுக்கடனை அவள் தானாகவே கழிக்கத் தொடங்கினாள். மாமா எழுந்துபோய் விளக்கை ஏற்றினார்.

“கையெழுத்துப் போடு என்றும் நான் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை புத்தளத்தில் இறங்கித் தொழில் காரியாலயத்தில் கேளுங்கள். அதற்குக் காசு இல்லை” என்றார்.

அவருடைய மகன், எமக்கு மைத்துனன், இத்தனைக்கும் திண்ணையில் மௌனமாக இருந்தான். அவன் அயலூரில் கொந்தராத்துக்காரர் ஒருவரிடம் லொறி ஓட்டுபவன். “மச்சான், எனக்கு இந்தக் கவலை ஒன்றுமில்லை” என்று சிரித்தான். “எனக்கு நியமனக் கடிதமே இல்லை. எந்தக் கம்பனியை யார் வாங்கினாலும் என்னை விற்க முடியாது.” நாமும் சிரித்தோம். மாமா சிரிக்கவில்லை. தகரத்தை மூடும்போது மகனை ஒருமுறை பார்த்தார்.

திங்கட்கிழமை காலையில் தொழில் காரியாலயத்தில் முதிய அலுவலர் ஒருவர் எம்மை இருத்திப் பேசினார். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தை அவர் விளக்கிய விதம் இன்றும் நினைவில் நிற்கிறது. பதினைந்து பேருக்குக் குறையாத ஊழியரைக் கொண்ட ஒரு தனியார் நிறுவனம், ஒழுக்கக் குற்றம் காரணமாகவன்றி ஒருவரை வேலையிலிருந்து நீக்குவதாயின், அதற்கு இரண்டு வழிகளே உண்டு. ஒன்று, அந்த ஊழியருடைய எழுத்து மூலமான சம்மதம். மற்றது, தொழில் ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூலமான அனுமதி.

“நீங்கள் வெள்ளிக்கிழமை போடப்போகின்ற கையெழுத்து எது என்று இப்போது விளங்குகிறதா?” என்றார்.

விளங்கிற்று. அதுவரை அந்தக் கையொப்பத்தைப் பணம் பெறுவதற்கான பற்றுச்சீட்டு என்றே எண்ணியிருந்தோம். ஆணையாளர் அனுமதி கொடுத்து வேலைநீக்கம் நிகழ்ந்தால் நட்டஈட்டுக்கு 2005ஆம் ஆண்டு வர்த்தமானியில் ஒரு வாய்பாடு வெளியாகியிருந்தது. முதல் ஐந்து ஆண்டுக்கு ஆண்டொன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளம், பதினான்காம் ஆண்டு வரை இரண்டு மாதம், பத்தொன்பதாம் ஆண்டு வரை ஒன்றரை மாதம் என்று அது இறங்கிச் செல்லும். எமது பதினேழு ஆண்டுக்கு முப்பத்தைந்து மாதம், 11,20,000 ரூபா. அக்காலத்து உச்சவரம்பாகிய பன்னிரண்டரை இலட்சத்துக்கு உட்பட்ட தொகைதான். பணிக்கொடை அதற்குப் புறம்பு. அலுவலர் மேலும் ஒன்று சொன்னார்: “கம்பனி உங்களை நீக்கப்போகிறது என்று நான் சொல்லவில்லை. நீக்காமலும் விடலாம். இடமாற்றம் தரலாம், அந்த இடம் உங்களுக்குப் பிடிக்காமற் போகலாம். அதற்கெல்லாம் என்னிடம் வாய்பாடு இல்லை.” நேர்மையான மனிதர்.

எல்லாக் கைமாற்றமும் ஒரு மாதிரியானதும் அன்று. காங்கேசன்துறையிலே 1950இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் யுத்தத்தினால் நின்றது. அங்கு வேலைசெய்தவர்களுக்கு வாங்க வந்தவருமில்லை, கடிதமுமில்லை, வெள்ளிக்கிழமையுமில்லை. கடலுக்கு அப்பால், திருநெல்வேலிக்கு அருகே தாழையூத்தில் 1949இல் உற்பத்தி தொடங்கிய இந்தியா சிமெண்ட்ஸ், 2024 டிசெம்பரில் அல்ட்ராடெக் நிறுவனத்தின் ஆளுகைக்குள் சென்றது. அச்செய்தியைப் பத்திரிகையிற் பார்த்தபோது, அங்கே எந்த வீட்டில் எந்த மகள் ரியூசனை நிறுத்தட்டுமா என்று கேட்டிருப்பாளோ என்பதே எமக்கு முதலில் வந்த எண்ணம்.

வெள்ளிக்கிழமைக்கு வருவோம். விற்கப்பட்டவை பங்குகளே என்பதைப் புதன்கிழமை கணக்குப் பிரிவிற் கேட்டு அறிந்துகொண்டோம். கேட்பதற்குப் பதினேழு ஆண்டு எடுத்தது. பதில் அரை நிமிடத்திற் கிடைத்தது. வெள்ளி மாலை மூன்றரை மணிக்குப் பக்கத்து மேசை நண்பர் கையொப்பமிட்ட கடிதத்துடன் எழுந்தார். அவர் இருபத்தொரு ஆண்டுச் சேவைக்காரர். அவரிடம் கணக்கை முன்னரே காட்டியிருந்தோம். “எல்லாம் சரி. ஆனால் தினமும் காலையில் வயிறு பிசைகிறதே, அதற்கு என்ன வாய்பாடு?” என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் பிழை செய்தார் என்று நாம் அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லமாட்டோம். மைத்துனருடன் சேர்ந்து உதிரிப்பாகக் கடை வைத்தார். கடை இன்றும் நடக்கிறது. அவருக்குப் பின் கையொப்பமிட்ட இன்னொருவர் வான் ஒன்று வாங்கினார்; அதைப் பற்றி எழுத அவர் விரும்பமாட்டார்.

நாம் கையொப்பமிடவில்லை. நான்கு மணி அடித்தது, ஒன்றும் நிகழவில்லை. அடுத்த திங்களும் களஞ்சியத்தைத் திறந்தோம். கணினி வந்தது, எம்மிலும் பதினெட்டு வயது இளைய மேலதிகாரி வந்தார், அவரை ‘சேர்’ என்று அழைக்க நாவு பழக மூன்று மாதம் சென்றது. மறு ஆண்டு வேறொரு கிளைக்கு மாற்றினார்கள். நாளொன்றுக்கு இரண்டரை மணி நேரம் பஸ்ஸிற் கழிகிறது. பழைய வேலை கிடைத்ததா என்றால், இல்லை. பழைய சம்பளம் கிடைத்தது. மகள் ரியூசனை நிறுத்தவில்லை. கணிதத்தில் எதிர்பார்த்த பெறுபேறு வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஒக்டோபர் மாதத்தை அவளுக்கு எவரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

2017இல் மழைக்கு முன்பாக மறுபடி எலுவன்குளம் சென்றோம். கிணற்றுக்கட்டு வெடித்திருந்தது, மாமா இரண்டு பை சீமெந்து வாங்கி வைத்திருந்தார். பையில் ஹொல்சிம் போய், ‘இன்சி சன்ஸ்தா’ என்றிருந்தது. இன்சி என்பது தாய் மொழியில் கழுகாம். சன்ஸ்தா என்பதற்கு எந்த மொழியில் என்ன பொருள் என்று மகள் கேட்டாள். கூட்டுத்தாபனத்துக்குச் சிங்களத்தில் வழங்குகின்ற சொல் அது என்றார் மாமா. அரசு விற்றுப் பல ஆண்டு கழிந்தும் அந்தச் சொல்லைப் பையிலிருந்து எவரும் எடுக்கவில்லை.

மைத்துனன் மணல் சலித்துக்கொண்டிருந்தான். அவன் வேலைசெய்த கொந்தராத்துக்காரர் லொறியை விற்றுவிட்டார் என்று அப்போதுதான் அறிந்தோம். வாங்கியவர் தம்முடைய சாரதியுடன் வந்தாராம். மாமா ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் வாளியை எம்மிடம் தந்து, “வானம் கறுக்கிறது, தம்பி. அவனுக்குக் கலவையைக் குழைத்துக் கொடுங்கள்” என்றார். நாம் சட்டையைக் கழற்றிவிட்டுக் கிணற்றடிக்குப் போனோம்.